குழுத் தொழிலுக்கு எந்தப் பயிற்சி: ஆர்செட்டியா, தஞ்சாவூரா, உள்ளூர் அக்காவா?

சத்துமாவு, மசாலாப் பொடி என்று ஆரம்பிக்கிற மகளிர் குழுக்காரர்கள் எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். எங்கள் குழு மூன்றையும் பார்த்துவிட்டது.

ஆர்செட்டி (RSETI) என்கிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்துவது, 1982-ல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய மாதிரியைப் பார்த்து வந்தது. பயிற்சி, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் இலவசம். லோன் பேப்பரும் கணக்கும் இங்கே கற்ற மாதிரி வேறெங்கும் கற்கவில்லை, முடிந்த பிறகும் இரண்டு வருஷம் விசாரிப்பார்கள். ஆனால் பாடமெல்லாம் தனியாள் தொழிலை வைத்துத்தான். பத்துப் பேர் குழுவில் யார் எத்தனை மணி நேரம் வறுத்தார்கள், கூலியை எப்படிப் பிரிப்பது என்ற சண்டைக்கு அங்கே பதில் கிடைக்காது.

தஞ்சாவூர் நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனம், குறுகிய காலப் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. எங்களுக்கு அது கொடுத்த காசுக்கு மேலேயே வந்தது. அதுவரை நாங்கள் மில்லில் அரைத்த மாவைச் சூடு ஆறுவதற்குள் பாக்கெட்டில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம், உள்ளே வியர்த்து மூன்றே வாரத்தில் கட்டி கட்டியாகி, கடைக்காரர் 40 பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாவைப் பரப்பி ஆற வைத்து, ஈரப்பதம் பார்த்து, அப்புறம் ஒட்ட வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத விஷயம் இது.

மூன்றாவது, தமிழக அரசின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் சமுதாயத் திறன் பள்ளி. தொழில் தெரிந்த உள்ளூர்க்காரரே சொல்லித் தருவார். கைக்குழந்தைக்காரர்கூட வந்து போகலாம், குழுவில் எல்லோருமே கற்கலாம். லேபிள், உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று வந்தால் சொல்லித் தருகிற அக்காவுக்கும் தடுமாற்றம்தான், அதற்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

என் கணக்கு இது. இன்னும் விற்கவே தொடங்காத குழு உள்ளூர் அக்காவிடம் போகட்டும். சரக்கு திரும்பி வருகிற குழு தஞ்சாவூருக்கு. லோன் கேட்கப் போகிறவர்கள் ஆர்செட்டிக்கு. உணவுத் தொழில் குழுவென்றால் பி.எம்.எஃப்.எம்.இ. என்கிற, சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் இருக்கிறது, அதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

எங்கே அனுப்பினாலும் இரண்டு பேரை அனுப்புங்கள். நாங்கள் தலைவியை மட்டும் அனுப்பினோம். அவர் மகளின் பிரசவத்துக்குத் திருப்பூர் போன மாதம், ஈரப்பதம் பார்க்கிற கருவி டப்பாவிலேயே கிடந்தது.