லாகின் சிக்கலை ஒரே மதியத்தில் தீர்த்துக் கொடுத்த ஐந்து ரோடு சர்வீஸ் கடை

சேலம் லீ பஜார் மண்டியில் எங்கள் கணக்கு முழுவதும் ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது, ஏற்காடு கிடங்கில் இருப்பவர்களும் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக லாகின் செய்யும் முறை) வழியாக அதில்தான் நுழைந்து காப்பி, மிளகு வரவை ஏற்றுவார்கள். டிசம்பரில், மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்குகிற நேரம் பார்த்து, மதியம் ஆனால் யாராலும் உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும், அடுத்த வரியிலேயே 'பிடிஒய் அலொகேஷன் ரிக்வஸ்ட் ஃபெயில்ட்' என்று நின்றுவிடும். முதலில் வந்து பார்த்தவர், சர்வர் பழசு, புதுசு வாங்குங்கள் என்று 80,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் ஐந்து ரோடு பக்கம் உள்ள இந்தச் சின்னக் கடையைக் கூப்பிட்டோம். வந்த தம்பி எதையும் கழற்றவில்லை. சர்வரிலேயே மானிட்டரை மாட்டி யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'ஹூ' கமாண்டை அடித்தார். "அண்ணா, வேலை செய்யறது ஒன்பது பேர், உள்ளே முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க பாருங்க" என்றார்.

வெளியிலிருந்து லாகின் செய்யும் ஒவ்வொருவருக்கும் சர்வர் ஒரு விர்ச்சுவல் டெர்மினல் ஒதுக்குகிறது, பிழையில் வந்த 'பிடிஒய்' அதுதான். மலையில் லைன் அறுந்தால் ஆள் திரும்பப் புதிதாக நுழைகிறார், ஆனால் அவருடைய பழைய லாகின் செத்துப்போனது சர்வருக்குத் தெரிய, வழக்கமான செட்டிங்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரை அந்த டெர்மினலும் காலியாகாது. லினக்ஸில் இயல்பாக 4096 டெர்மினல் வரை உண்டு, எங்களுடையதில் யாரோ 32 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள்!

அவர் 'கெர்னல் பிடிஒய் மேக்ஸ்' என்கிற அந்த வரம்பை ஏற்றியதோடு விடவில்லை. எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் செத்த லாகின்கள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று சொல்லி, எஸ்எஸ்ஹெச் செட்டிங்கில் 'கிளையன்ட் அலைவ் இன்டர்வெல்' 60 நொடி, 'கவுன்ட் மேக்ஸ்' 3 என்று வைத்தார், அதாவது 60 நொடிக்கு ஒருமுறை சர்வர் கேட்டுப் பார்க்கும், மூன்று முறை பதில் இல்லையென்றால் அந்த லாகினை வெட்டிவிடும். பிறகு ஏற்காட்டுக்குப் போன் போட்டு ஒரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொன்னார். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம், மூன்று நிமிடம் கழித்து அந்த ஒரு வரி மட்டும் பட்டியலிலிருந்து காணாமல் போனது. சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மாற்றியதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வாங்கியது 1,500 ரூபாய். ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும்: எந்த ஃபைலில் எதை மாற்றினார் என்று எழுதிக் கொடுக்கவில்லை, நான் கேட்டு நோட்டில் எழுதி வாங்கினேன், நீங்களும் மறக்காமல் கேளுங்கள். ஜனவரி அறுவடை முடிகிற வரை அந்தப் பிழை ஒருநாளும் வரவில்லை.