வேரியன்ட்களோடு நான்கு ஆண்டுகள்

வணிக மேலாண்மை மென்பொருளில் பில் போடுவதும் கணக்கு எழுதுவதும் ஒரே வாரத்தில் கைவந்துவிட்டன. நான்கு ஆண்டாக என்னை யோசிக்கவைப்பது வேறு: எதைத் தனிப் பொருளாக வைப்பது, எதை வேரியன்டாக, அதாவது ஒரே பொருளின் நிறம், அளவு போன்ற வேறுபாடாக வைப்பது, எதை இரண்டாகவும் வைக்காமல் விடுவது?

நான் விற்பது ஆயத்த ஆடை. தொடக்கத்தில் ஒரு சட்டைக்கு நிறம் 6, அளவு 5, கை நீளம் 2 என்று கொடுத்தேன். 60 வேரியன்ட் வந்தது. நன்றாக இருக்கிறதே என்று துணி வகை 3, தையல் அமைப்பு 2 என்று மேலும் இரண்டு பண்புகளைச் சேர்த்தேன். சேமித்ததும் 360! கையிருப்பில் இருந்தவையோ 70-ஐத் தாண்டாது. ஆர்டர் போடும்போது அந்த நீளப் பட்டியலை உருட்டி, பக்கத்து வரியைத் தொட்டு, இல்லாத சட்டையை விற்றதாகப் பதிவாகும். ஸ்டாக் மைனஸில் நிற்கும்.

அதன்பின் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இதை அலமாரியில் தனியாக எண்ண வேண்டுமா? ஆமென்றால் வேரியன்ட். பருத்திச் சட்டையும் லினன் சட்டையும் கொள்முதலிலிருந்தே வேறு என்பதால் அவற்றைத் தனித்தனிப் பொருளாகவே பிரித்துவிட்டேன். சட்டைப் பையில் பெயர் தைத்துக் கொடுப்பதற்கு ஸ்டாக் ஏது? அது ஆர்டரில் எழுதும் குறிப்பு, அவ்வளவுதான்.

நான் பயன்படுத்தும் ஓடூ (Odoo) மென்பொருளில் இதற்கென்றே ஒவ்வொரு பண்புக்கும் மூன்று வழிகள் உண்டு: வேரியன்ட்களை உடனே உருவாக்கு, ஆர்டரில் தேர்ந்தெடுக்கும்போது உருவாக்கு, ஒருபோதும் உருவாக்காதே. பண்பை ஒரு பொருளில் பயன்படுத்திவிட்டால் பிறகு இந்த வழியை மாற்ற விடாது. எனவே முதல் நாளே யோசித்துவிடுங்கள்.

என்னை மிகவும் அலைக்கழித்தது பண்புகளின் மதிப்புகளுக்கு, அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் அளவுக்கும், வைக்கும் பெயர்தான். மூன்று பேர் பதிவு செய்ததில் ஒரே நிறம் கருநீலம், நேவி, நேவி ப்ளூ என்று மூன்றாகிவிட்டது. அறிக்கையில் மூன்றுமே மெதுவாக விற்பவை. கூட்டிப் பார்த்தால் அந்த நிறம்தான் முதலிடம்! அதைக் கொள்முதல் செய்யாமலே ஒரு பருவத்தை விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. இப்போது புதிய மதிப்பைச் சேர்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே.

பழைய மதிப்புகளை நீக்கும்போது மென்பொருள் நடந்துகொண்ட விதம் பிடித்திருந்தது. ஒருமுறைகூட விற்காத வேரியன்ட் அழிந்துபோனது; விற்பனை வரலாறு உள்ளது ஆர்க்கைவுக்கு, அதாவது பட்டியலில் தெரியாத காப்பகத்துக்குப் போனது. பழைய பில்கள் எதுவும் கெடவில்லை.

பார்கோடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இ.ஏ.என்-13 என்ற பார்கோடு வகையின் எண் 13 இலக்கம். கடைசி இலக்கம் மற்ற 12-ஐச் சரிபார்ப்பது. வேரியன்ட் பட்டியலை எக்ஸலில் திறந்தபோது அந்த எண்கள் 8.9E+12 என்பது போன்ற அறிவியல் குறியீட்டு வடிவத்துக்குச் சுருங்கியிருந்தன. கவனிக்காமல் அப்படியே சி.எஸ்.வி கோப்பாகச் சேமித்தேன். மறுபடி திறந்தால் பின்பாதி முழுக்கப் பூஜ்யம். அடுத்தடுத்த வேரியன்ட்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்! ஒரே பார்கோடை இரண்டுக்குக் கொடுக்க முடியாது என்று மென்பொருள் இறக்குமதியை மறுத்ததால்தான் தப்பித்தேன். அந்த நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துத்தான் இப்போது இறக்குகிறேன். முன்னால் பூஜ்யம் வரும் எண்களும் அப்போதுதான் பிழைக்கின்றன.

விலையில் பெரிய சிக்கல் இல்லை. பெரிய அளவுக்குக் கூடுதல் தொகையை அந்த மதிப்பிலேயே ஒருமுறை போட்டால் போதும். அடக்கவிலை மட்டும் வேரியன்ட் வாரியாகத்தான் பதிவாகும், அதற்கு நேரம் பிடிக்கும்.

போன முறை இருப்பு எடுத்தபோது அந்தச் சட்டை 64 வேரியன்டில் நின்றது. அலமாரியில் எண்ணியதும் திரையில் இருந்ததும் இரண்டே வரிகளில்தான் வேறுபட்டன, இரண்டுமே கை நீளத்தை மாற்றி அடுக்கியவை.