கொறங்காட்டுப் புல்லும் எறும்பும்: ஆறு வருட புரோக்ரஸ்டீஸ் அனுபவம்

காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், ஆறு வருடமாக இரண்டு கணக்கு எடுக்கிறேன். கொழுக்கட்டைப்புல்லில் தொடங்கித் தரையில் முளைத்திருப்பதை எல்லாம் எண்ணுவது ஒன்று. மண்ணில் டம்ளர் புதைத்து, விழுந்த எறும்புகளை இனம் பிரித்து எண்ணுவது இன்னொன்று. புல் மாறுகிற காட்டில் எறும்பும் மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

இதைப் பார்க்க முதல் இரண்டு வருடம் மான்டெல் சோதனை என்ற புள்ளியியல் முறைதான். புற்றுநோய் எங்கே, எப்போது குவிகிறது என்று பார்க்க நேதன் மான்டெல் 1967இல் கொடுத்த முறை. காட்டுக்குக் காடு புல்லில் எவ்வளவு வித்தியாசம், எறும்பில் எவ்வளவு என்று இரண்டு தொலைவு அட்டவணை போட்டால் ஒரே ஒரு எண் வரும். எந்தக் காடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் புரோக்ரஸ்டீஸ் என்ற முறைக்கு வந்தேன். ஒவ்வொரு காடும் ஒரு புள்ளியாக, புல்லுக்கு ஒரு வரைபடம், எறும்புக்கு ஒன்று. ஒன்றைச் சுழற்றி, சுருக்கி மற்றதன் மேல் பொருத்தும். ஒவ்வொரு காட்டுக்கும் பொருந்தாத மிச்சம் ஓர் அம்புக்குறியாகத் தெரியும். ஒரு வருடம் ஒரே ஒரு காட்டின் அம்பு மட்டும் நீண்டு கிடந்தது. எண்ணியதில் தப்போ என்று நேரில் போய்க் கேட்டேன். "வெள்வேல மரத்தையெல்லாம் போன வருசமே வெட்டிட்டமுங்க" என்றார் காட்டுக்காரர். புல் அப்படியே இருந்தது, நிழல் போய்விட்டது. எங்கள் அட்டவணையில் மரத்துக்கு இடமே வைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த பருவத்திலிருந்து மரமும் கணக்கில் சேர்ந்தது. இந்த ஒரு அம்புக்காகவே இந்த முறையை விடமாட்டேன்.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் வீகன் தொகுப்பில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது காட்டின் பெயரைப் பார்க்காது, வரிசை எண்ணைத்தான் பார்க்கும். ஒரு கோப்பை அகர வரிசையில் அடுக்கி, மற்றதை அப்படியே விட்டு ஒரு மாதம் தவறான முடிவோடு திரிந்தேன். எச்சரிக்கை எதுவும் வராது.

பொருத்தம் தற்செயலா என்று பார்க்கக் காடுகளின் வரிசையைக் குலுக்கிக் குலுக்கிப் பொருத்த வேண்டும். அப்போது ஒரே குடும்பத்தின் நாலு கொறங்காட்டைத் தனித்தனி இடமாக நினைத்துக் குலுக்கினாலும் வம்புதான். தொடர்பு இருப்பதைவிட உறுதியாகத் தெரியும். குடும்பவாரியாகக் கட்டம் பிரித்துவிட்டுத்தான் 999 முறை குலுக்குகிறேன்.

எந்தப் புல்லோடு எந்த எறும்பு என்று இனம்வாரியாகத் தெரிய வேண்டுமா? அதற்கு கோ-இனர்ஷியா என்ற இன்னொரு முறை சரியாக இருக்கும். ஆரின் ஏடிஇ4 தொகுப்பில் இருக்கிறது. இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு எடுக்கும் கணக்கை இரண்டிலும் ஓட்டப் போகிறேன்.