செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய 100 கிராம் அரக்குச் செதில்

ஏற்காட்டில் அண்ணன் மகன் கட்டிய வீட்டுக்குப் பெயர்ப்பலகை செதுக்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். மரம் பைன், பேக்கிங் பெட்டியைப் பிரித்து எடுத்த பலகை. எழுத்துகளைப் பள்ளமாக வெட்டி உள்ளே நீல அக்ரிலிக் பூசினால், ஈரத் தரையில் இழுத்த செம்மண் கோடு மாதிரி நீலம் நார் வழியே ஓடுகிறது. 'இல்லம்' என்பதில் நடு இரண்டு எழுத்தும் ஒன்றாகிவிட்டன.

பைனில் வெளிர் வரி மெத்தென்று இருக்கும், நன்றாகக் குடிக்கும். பக்கத்திலேயே உள்ள கருவரி கெட்டி. உளி பட்ட இடத்தில் நாரின் வாய் வேறு திறந்துகிடக்கிறது. மாஸ்கிங் டேப் வளைவுகளில் உட்காரவில்லை. மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் அடித்துப் பார்த்தேன். சமதளத்தில் பரவாயில்லை, பள்ளத்தில் தேங்கி மூலைகளை மழுக்கிவிட்டது. தின்னர் நெடியில் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் நாரின் வாயை அடைக்க அரக்கு (ஷெல்லாக்). முதலில் ஒரு கடையில் கலந்தே வைத்திருந்த பாட்டிலை வாங்கி ஏமாந்தேன். பழைய சரக்கு, இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. கரைத்த அரக்கு நாள்பட்டால் அப்படித்தான். செதிலாக வாங்குங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்னொரு கடையில் 100 கிராம் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. பார்க்க, கடலை மிட்டாயிலிருந்து உடைந்த பாகுத் துண்டு போல இருக்கும்.

30 கிராமை 250 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டில் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) போட்டு, கண்ணாடி பாட்டிலில் இரவு முழுக்க ஊறவிட்டேன். நன்றாகக் கரைந்த பிறகு அசைக்காமல் வைத்தால் மெழுகு கலங்கலாக அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளங்களுக்குள் ஒரு பூச்சு. அரை மணி நேரம் காயவிட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் தொட்டும் தொடாமலும் ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. நார் குறுக்கே வெட்டுப்பட்ட இடங்களுக்கு மட்டும் மூன்றாவது. வேலை செய்யும்போது அடுப்பங்கரைப் பக்கம் போகாதீர்கள். அரக்கு மாளிகை எப்படி எரிந்தது என்று பாண்டவர்களைக் கேட்டால் தெரியும், இதில் ஸ்பிரிட் வேறு.

மறுநாள் நீலம் பூசினேன். கோடு கத்தியால் கீறியதுபோல் நின்றது. எனக்கு அதைவிடப் பிடித்தது, மரக்கணுக்கள் அடங்கியதுதான். முந்தைய பலகையில் கணுவின் பிசின் கிரீம் பெயின்டைத் தாண்டி மஞ்சளாக எட்டிப் பார்த்தது. இதில் அந்தத் தொல்லை இல்லை.

குறையும் உண்டு. சேலத்து வெயிலில் சமர்த்தாக இருந்த அரக்கு, ஏற்காட்டில் ஜூலைப் பனிமூட்டத்தில் ஒரு ஓரத்தைத் திருத்தப் பூசியபோது பால் சிந்தியதுபோல் வெளுத்துவிட்டது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் எட்டிப் பார்த்த ஒரு மத்தியானம் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாகத் துடைத்ததும் தெளிந்தது. மலையில் இருப்பவர்கள் வறண்ட நாள் பார்த்துப் பூசுங்கள்.

மழை நேரடியாக அடிக்கும் இடத்துக்கு இதை நம்ப மாட்டேன். பலகை இப்போது வராந்தாவுக்குள் தொங்குகிறது. "அத்தை, கேட்டுக்கும் ஒன்று செய்து தாங்களேன்" என்றான். கிரானைட்டில் வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.