‘சரியான ஆட்களுக்கு மட்டும் விளம்பரம்’ என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

திருச்சி உறையூரில் அக்காவும் நானும் பெண்களுக்கு ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்துகிறோம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எங்களுக்கு விளம்பரம் செய்து தருவதாக வந்த ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம், “உங்களுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் போகும்படி டார்கெட்டிங் செய்வோம்” என்று உறுதி கூறிப் பணம் வாங்கிக்கொண்டு, அந்த ஒன்றைத்தான் கடைசிவரை செய்யவில்லை. வகுப்பு, அழகு நிலையம், தையற்கடை, டியூஷன் என்று அக்கம்பக்கத்து ஆட்களை நம்பித் தொழில் செய்கிற பலர் இதே போன்ற நிறுவனங்களிடம் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பதால், நடந்ததையும், எந்தத் திரையில் எதைப் பார்த்தால் உண்மை தெரியும் என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் தேவை மிக எளிமையானது. வகுப்பு நேரில் நடப்பது. காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை ஸ்டாண்டின் முன் உட்கார்ந்து ஊசி பிடித்துப் பழக வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பேருந்திலோ ஸ்கூட்டியிலோ முக்கால் மணி நேரத்திற்குள் வந்து சேரக்கூடிய பெண்கள்தான் சேருவார்கள். தில்லைநகர், தென்னூர், ஸ்ரீரங்கம், கே.கே. நகர், மிஞ்சினால் திருவெறும்பூர். முதல் சந்திப்பிலேயே இதைச் சொன்னோம், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். மாதக் கட்டணம் 12,000 ரூபாய், விளம்பரச் செலவுக்கு 25,000 ரூபாய், இரண்டின்மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று பேசி முடிவானது.

மாத முடிவில் ஓர் அறிக்கை வந்தது. ஆயிரக்கணக்கில் கிளிக், நூற்றுக்கணக்கில் லீட் (விளம்பரத்தைப் பார்த்து விவரம் கேட்டுத் தொலைபேசி எண் கொடுத்தவர்கள்), ஒவ்வொன்றுக்கும் மிகக் குறைந்த செலவு என்று அதில் எல்லாமே ஏறுமுகமாக இருந்தது. லீட் பட்டியலில் இருந்த எண்களை அக்கா வரிசையாக அழைத்தார். பலர் “ஹலோ, கௌன்?” என்று இந்தியில் கேட்டார்கள். தமிழில் பேசியவர்களிலும் சிலர், “நான் எதுவும் கேக்கலையேம்மா, எங்கேருந்து பேசுறீங்க?” என்றார்கள். ஓர் எண்ணை எடுத்தது கல்லூரி மாணவன். கேட்டபோது நிறுவனத்தார், “லீட் கொண்டுவர்றதுதான் எங்க வேலை மேடம், அதை அட்மிஷனா மாத்துறது உங்க கையில” என்றார்கள். இந்தப் பதில் உங்களுக்கும் வந்திருந்தால், உடனே செட்டிங்கைக் காட்டச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் விளம்பரங்களை நடத்தும் கணக்கான ஆட் அக்கவுண்ட்டைப் பார்வையிட மட்டும் அனுமதி கொடுத்தார்கள். மாணவி ஒருவரின் தம்பி விளம்பர வேலை தெரிந்தவர்; அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்ஸ் மேனேஜர் என்ற விளம்பர நிர்வாகத் திரையில் ‘பிரேக்டவுன்’ என்ற இடத்தைத் திறந்து, மாநிலவாரியாகவும் பாலினவாரியாகவும் விளம்பரம் தோன்றிய இடம்வாரியாகவும் பிரித்துக் காட்டினார். உத்தரப் பிரதேசமும் பீகாரும் முதலில் நின்றன. தமிழ்நாடு கீழே எங்கோ இருந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கிளிக்குகளில் பெரும்பகுதி ‘ஆடியன்ஸ் நெட்வொர்க்’ வழியாக, அதாவது ஃபேஸ்புக்கிற்கு வெளியே உள்ள விளையாட்டு ஆப்களிலும் பிற ஆப்களிலும், விரல் தவறிப் பட்டாலும் கிளிக்காகிவிடும் இடங்களிலிருந்து வந்திருந்தது. தமிழில் எழுதிய விளம்பரத்திற்கு இடம் என்ற கட்டத்தில் ‘இந்தியா’ என்று கொடுத்திருந்தார்கள். ஊரைக் குறுக்கினால் கிளிக்கின் விலை ஏறும், நாட்டையே திறந்துவிட்டால் இறங்கும். அறிக்கை அழகாக இருப்பதற்காக எங்கள் பணத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

இதைவிட என்னை வருத்தியது ஆர்வங்கள் என்ற கட்டம். எம்பிராய்டரி, தையல், ஃபேஷன், பட்டுச்சேலை, ஷாப்பிங், பாலிவுட் என்று ஒரே பெட்டியில் நீளமாக அடுக்கியிருந்தார்கள். “இத்தனை ஃபில்டர் போட்டு ஆடியன்ஸைச் சுருக்கியிருக்கோம் மேடம்” என்று அவர்கள் சொன்னது இதைத்தான். உண்மையில் ஒரே பெட்டியில் எத்தனை ஆர்வங்களைச் சேர்த்தாலும், அவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்துகிற எவருக்கும் விளம்பரம் போகும். ஆகவே சேர்க்கச் சேர்க்கக் கூட்டம் பெருகுமே தவிரச் சுருங்காது. இதுவும் இருக்க வேண்டும், அதுவும் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்த வேண்டுமானால், அதற்கென்று தனியாக உள்ள ‘நேரோ ஆடியன்ஸ்’ என்ற வழியில் போய் இரண்டாவது பெட்டியில் அடுத்த நிபந்தனையைப் போட வேண்டும். இதைப் பைசா செலவில்லாமல் நீங்களே சோதிக்கலாம்: விளம்பரம் ஒன்றைத் தொடங்குவதுபோலத் திறந்து, ஆர்வங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பக்கத்தில் வரும் ஆடியன்ஸ் அளவு எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்த்தால் போதும்.

அப்படிச் சோதிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா இப்போது முன்னிருத்தித் தரும் ‘அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸ்’ முறையில், நாம் கொடுக்கும் ஆர்வங்களை அது பரிந்துரையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இடம், குறைந்தபட்ச வயது போன்ற சிலவற்றை மட்டுமே மீறாத எல்லையாக வைத்துக்கொள்கிறது. அந்த முறை தவறானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை இயக்கிவிட்டு, “ஒவ்வொரு ஆர்வமாகத் தேர்ந்து குறிவைத்தோம்” என்று கட்டணம் வாங்குவது நேர்மையல்ல.

நாங்கள் சண்டை போட்ட பிறகு அவர்கள் செய்தது வேறொரு கொடுமை. 3 கிலோமீட்டர் ஆரம், 25 முதல் 30 வயதுப் பெண்கள், அதற்குள் எம்பிராய்டரி ஆர்வம், அதற்குள் சிறுதொழில் ஆர்வம், அதற்குள் ஆன்லைனில் வாங்கும் பழக்கம் என்று நெரித்துவிட்டார்கள். மிகச் சிறிய கூட்டம் அது. ஒரே பெண்களுக்கு ஒரே வீடியோ திரும்பத் திரும்பப் போனது, ‘ஃப்ரீக்வென்சி’ என்ற எண் ஏறிக்கொண்டே போக, “எத்தனை தடவைதான் இதையே காட்டுவீங்க?” என்று கீழே கமெண்ட் வந்தது. ஒரு விளம்பரத் தொகுப்பு வாரத்திற்குச் சுமார் 50 முடிவுகள் (எங்களுக்கு என்றால் லீட்கள்) பெற்றால்தான், யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று மெட்டா கற்றுக்கொள்ளும் ‘லேர்னிங்’ கட்டத்தைத் தாண்டும் என்பது அந்த வேலை செய்பவர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். இப்படி நெரித்த கூட்டத்தில் அது நடக்கவே நடக்காது. “பாருங்க மேடம், நீங்க கேட்ட மாதிரி சுருக்கினதும் லீட் வர்றது நின்னுபோச்சு” என்று பழியை எங்கள்மீது போடுவதற்கு மட்டுமே அது பயன்பட்டது.

எங்களைப் போன்ற தொழிலுக்கு இடத்தைச் சரியாகப் போடுவதுதான் முக்கால்வாசி வேலை என்பது என் முடிவு. வரைபடத்தில் பின் வைத்து 1 கிலோமீட்டரிலிருந்து ஆரம் குறிக்கலாம். எங்களுக்கு 12 அல்லது 15 கிலோமீட்டர் போதும். ஊரின் பெயரைத் தட்டி ஆரத்தை 80 கிலோமீட்டருக்கு இழுத்துவிட்டால் தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் பெரம்பலூரும் உள்ளே வந்துவிடும். ‘அங்கே வசிப்பவர்கள் மட்டும்’ என்று தேர்ந்தெடுக்க முன்பு வழி இருந்தது. 2023-இல் மெட்டா அதை எடுத்துவிட்டு, வசிப்பவர்களையும் அண்மையில் வந்துபோனவர்களையும் ஒன்றாக்கிவிட்டது. வைகுண்ட ஏகாதசி நாள்களில் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி விளம்பரம் ஓட்டினால், ரங்கநாதரைச் சேவிக்க வந்தவர்களுக்கும் அது போகும். எனவே மீதி வடிகட்டலை விளம்பர வாசகமே செய்ய வேண்டும்: “உறையூரில், நேரடி வகுப்பு, காலை 10 முதல் 1 வரை, கட்டணம் இவ்வளவு” என்று முதல் வரியிலேயே இருந்தால், வர முடியாதவர் தானாகவே விலகிப்போவார். ஆர்வமுள்ளவர்கள் விவரம் நிரப்பும் லீட் ஃபார்மிலும் வகைகள் உண்டு. எண்ணிக்கை கூடுவதற்கான வகையில் பெயரும் எண்ணும் தாமாகவே நிரம்பி, ஓரிரு தட்டலில் அனுப்பப்பட்டுவிடும். ‘நான் கேக்கலையே’ என்பவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். மற்றொரு வகையில், அனுப்புமுன் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லும். அதோடு “எந்தப் பகுதியிலிருந்து வருவீர்கள்?” என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் கேட்டும், லீட் குறைந்துவிடும் என்று மறுத்தார்கள்.

திருமணத் தகவல் மையம் நடத்தும் தோழியிடம் வேறொருவர், மதவாரியாகப் பிரித்து டார்கெட் செய்து தருவதாகப் பேரம் பேசியிருக்கிறார். மதம், இனம், அரசியல் சார்பு, உடல்நலம் தொடர்பான விரிவான டார்கெட்டிங் தேர்வுகளை மெட்டா 2022 ஜனவரியிலேயே நீக்கிவிட்டது. இல்லாததை விற்கிறார்கள்.

பண விஷயத்திற்கு வருகிறேன். எங்களிடம் விளம்பரத்திற்கென்று வாங்கிய 25,000 ரூபாயில், முதல் மாதம் செலவானதாக ஆட்ஸ் மேனேஜர் காட்டியது 15,400 ரூபாய். மீதியைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை. மெட்டா ஒவ்வொரு கட்டணத்திற்கும் ரசீது தருகிறது. அதைக் கேட்டபோது தங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு பில் அனுப்பினார்கள். ஆட் அக்கவுண்ட்டே அவர்கள் பெயரில் இருந்ததுதான் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. ஏற்கெனவே படித்தவர்களுக்கு விளம்பரம் போகாமல் விலக்குவதற்காகவும், அவர்களைப் போன்றவர்களைத் தேடும் ‘லுக்அலைக்’ கூட்டத்தை உருவாக்குவதற்காகவும் எங்கள் மாணவிகளின் தொலைபேசி எண்களை வாங்கி அந்த அக்கவுண்ட்டில் ஏற்றினார்கள். நாங்கள் விலகிய பிறகும் அந்தப் பட்டியல் அவர்களிடமே இருக்கிறது. நம்பி எண் கொடுத்த பெண்களுக்கு நாளை யார் விளம்பரம் காட்டுவார்கள் என்று தெரியாத இந்த நிலையை, போன பணத்தைவிடப் பெரிய அநியாயமாக நான் கருதுகிறேன். ஆட் அக்கவுண்ட் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கட்டும். நிறுவனத்திற்குப் பார்ட்னராக அனுமதி மட்டும் கொடுங்கள். இதற்கு மறுப்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். தொழிலுக்காகப் பெற்ற சேவை, இது நுகர்வோர் வழக்காகாது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருப்பதால், நுகர்வோர் ஆணையத்திற்குப் போவதா, சிவில் நீதிமன்றத்திற்குப் போவதா என்பதை அவர்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று வக்கீல் சொல்கிறார். ஆணையத்திற்கு என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இதே நிலையில் இருப்பவர்கள், நிறுவனத்திடம் கடுமையாகப் பேசுவதற்கு முன்பே, செலவுத் தொகை, மாநிலவாரிப் பிரிவு, டார்கெட்டிங் செட்டிங், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் ‘ஆக்டிவிட்டி ஹிஸ்டரி’ ஆகிய எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்துச் சேமித்துவிடுங்கள். எங்கள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே அந்த அக்கவுண்ட்டைப் பார்க்கும் அனுமதி எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது.