அவசர சிகிச்சைக்கு எந்த வாசல்? மூன்று வகை மருத்துவமனைகளும் காப்பீடும்

நெஞ்சுவலியோ பக்கவாதமோ விபத்தோ நேர்ந்த நேரத்தில், நம்முடைய காப்பீட்டை ஏற்கும் மருத்துவர் யார் என்று தேடுவது தமிழ்நாட்டில் பெரிதாகப் பயன் தராது. இங்கே காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருப்பது மருத்துவமனைதான். அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த நேரத்தில் பணியில் இருக்கும் மருத்துவர் அல்லர். அவர் யார் என்பதையும் நோயாளி தேர்ந்தெடுக்க முடியாது. நம் கையில் இருப்பது எந்த வாசலுக்குப் போவது என்ற முடிவு மட்டுமே. அரசு மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை, பட்டியலில் இல்லாத பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஆகிய மூன்றையும் மருத்துவத் திறன், பணம் என்ற இரண்டு கோணங்களிலும் பார்ப்போம்.

எல்லா வாசலுக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருடைய கடமை என்று தீர்ப்பளித்தது. ஆகவே காப்பீட்டு அட்டை இல்லை என்பதையோ ஒப்புதல் வரவில்லை என்பதையோ காரணம் காட்டி முதல் சிகிச்சையைத் தள்ளிப்போட எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. இதை நோயாளியுடன் செல்பவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையை ஏழைகளுக்கு மட்டும் உரியதாக நினைத்து ஒதுக்குவது தவறு. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பின் கீழ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நோயாளிகளை வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தின் அளவுப்படி பிரித்துப் பார்க்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. பெரிய விபத்துக் காயம், பாம்புக்கடி, விஷம் அருந்தியது, பெரிய தீக்காயம் ஆகியவற்றில் இந்த மருத்துவமனைகளுக்கு இருக்கும் அனுபவம் பல தனியார் மருத்துவமனைகளுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. 2008இல் இங்கு தொடங்கிய 108 ஆம்புலன்ஸுக்கும் கட்டணம் கிடையாது. குறை என்று சொன்னால் நெரிசல், படுக்கைக்கான காத்திருப்பு, உடன் வந்தவரின் அலைச்சல் ஆகியவைதாம். காப்பீட்டுக் கேள்வி இங்கே பெரும்பாலும் எழுவதே இல்லை.

பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையின் பெரிய நன்மை கேஷ்லெஸ் வசதி, அதாவது பில் தொகையை நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்துவது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு நிறுவனம் 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும் நாளில் இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் மருத்துவமனை வசூலிக்கும் கூடுதல் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் மூன்று இடங்களில் கவனம் தேவை. ஒப்புதல் வரும்வரை முன்பணம் கட்டச் சொல்லும் மருத்துவமனைகள் உண்டு; அந்த ரசீதைப் பத்திரப்படுத்தி, ஒப்புதல் வந்த பிறகு திரும்பப் பெற வேண்டும். அடுத்தது, பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேர உள்நோயாளி சிகிச்சைக்கே பணம் தருகின்றன. அவசரப் பிரிவில் சில மணி நேரம் வைத்திருந்து, ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்து வீட்டுக்கு அனுப்பினால், அது வெளிநோயாளிச் செலவாகக் கருதப்பட்டு நம் பையிலிருந்தே போகும். இரவில் அவசரப் பிரிவுக்குப் போய் வருபவர்கள் பலரும் எதிர்பாராத செலவு இதுதான். மூன்றாவது, அறை வாடகை வரம்பு. வரம்பை மீறிய அறையை எடுத்தால் மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட சில செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படும். தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்தில் மட்டும் இந்த வெட்டைச் செய்யக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், திட்டம் வரையறுத்த சிகிச்சைகளுக்கு மட்டுமே அது செல்லும். ஒரே மருத்துவமனை ஒரு துறைக்கு மட்டும் திட்டத்தில் இருப்பதும் உண்டு என்பதால், இதயத்துக்கு ஏற்கிறார்களா, எலும்பு முறிவுக்கு ஏற்கிறார்களா என்று பிரித்துக் கேட்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800 425 3993.

பட்டியலில் இல்லாத பக்கத்து மருத்துவமனைக்குப் போனால் செலவழித்துவிட்டுப் பிறகு பில்களைக் கொடுத்துப் பணம் பெறுவதுதான் நெடுங்கால வழக்கம். காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் 2024 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாட்டில், அங்கும் கேஷ்லெஸ் கோரலாம். அவசர அனுமதி என்றால் 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவமனையும் ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும் என்பதால், இதை நம்பிக் கையில் பணமில்லாமல் போக வேண்டாம்.

சாலை விபத்துக்கு இந்தக் கணக்கு மாறும். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீடு இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை உச்சவரம்புக்கு உட்பட்டு இலவசம். 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம், 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது.

அப்படியென்றால் எதைத் தேர்வது? மாரடைப்பு அறிகுறி என்றால் இதய ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டு நீக்கும் கேத் லேப் இரவிலும் இயங்கும் இடம், பக்கவாதம் என்றால் உடனே சிடி ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து தரக்கூடிய இடம். அந்த மருந்துக்கான வழக்கமான கால எல்லை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரமே. இவ்விரண்டிலும் கேஷ்லெஸ் உண்டா என்பது இரண்டாவது கேள்விதான். பெரிய நகரம் தொலைவில் என்றால், நெஞ்சுவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைத் தந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு காரில் விரைவது நல்லதல்ல. அவசர மருத்துவத்துக்கு இந்தியாவில் தனி முதுநிலைப் படிப்பு என்ற அங்கீகாரம் 2009இல்தான் கிடைத்தது. அதில் தகுதி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவமனைகளில், இரவுப் பணியில் யார் இருப்பார், காப்பீட்டு மேசை 24 மணி நேரமும் திறந்திருக்குமா என்ற இரண்டையும் உடல் நலமாக இருக்கும் நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது சிறந்தது.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் காப்பீடே மறுக்கப்பட்டதாக ஆகிவிடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், பரிசோதனை முடிவுகள், அனுமதி நேரம் குறித்த அவசரப் பிரிவுக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து பணத்தைத் திரும்பக் கோரலாம். நிறுவனம் அதையும் நிராகரித்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.