கொழும்பில் குறும்படம் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் வார இறுதியில் என்ன படம் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் சவோய், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மோலில் இருக்கிற தியேட்டர், அதிலும் சென்னையில் அந்த வெள்ளிக்கிழமை வந்த படம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் போகிறேன். ஆனால் அதே ஊரில், கொழும்பு 7இல், டிக்கெட் இல்லாமல், படம் எடுத்தவரே இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்திருக்க இன்னொரு சினிமா ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்களில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்: எங்கே போகலாம், எது நல்லது, எது சரியில்லை.

முதலில் போக வேண்டிய இடம் கிறெகரி வீதியில் இருக்கிற ஜேர்மன் கலாசார நிலையம், அதாவது கெதே. வீதிக்கு இப்போது ஆர்.ஜி. சேனாநாயக்க மாவத்தை என்று பெயர், ஆனால் த்ரீவீல்காரரிடம் கிறெகரி ரோட் என்றால்தான் உடனே பிடிபடும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பான்ஸ் பிளேஸில் பிரெஞ்சு கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸ். ஐரோப்பியப் படங்கள் மட்டும்தான் போடுவார்கள் என்று நினைத்துப் பலர் இந்த இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐரோப்பியப் படம் நிறைய ஓடுகிறது, சரி, ஆனால் இந்த நாட்டுப் பிள்ளைகள் கையில் இருந்த காசைப் போட்டு எடுத்த குறும்படங்களும் ஆவணப்படங்களும் இந்த மாதிரி மண்டபங்களில்தான் முதலில் வெளிச்சம் பார்க்கின்றன. மண்டபம் சின்னது. கதிரைகள் தியேட்டர் கதிரை மாதிரி சாய்ந்து கிடக்க உதவாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் முதுகு சொல்லும். குறும்படத் தொகுப்புக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

இங்கே போவதற்கான உண்மையான காரணம் படம் முடிந்த பிறகுதான் வருகிறது. லைட் போட்டதும் யாரும் எழும்பி ஓடுவதில்லை, இயக்குநர் முன்னால் வந்து நிற்பார், கேள்வி தொடங்கும். ஒரு மாலை அட்டன் பக்கத்து இளம் பெண் ஒருவர் எடுத்த பதினைந்து நிமிடப் படம் ஓடியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், ஓர் அறைக்குள்ளேயே முழுக் கதையும். வெளியே மழை, உள்ளே தாயும் மகளும் தாழ்ந்த குரலில் கதைக்கிறார்கள். முடிந்ததும் முதல் இரண்டு கேள்வி ஆங்கிலத்தில் வந்தது, கமரா என்ன, எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று. அப்புறம் பின்வரிசையில் ஓர் அம்மா எழும்பி நேரே தமிழில் கேட்டார்: "ஏம்மா, லயத்துத் தகரத்துல மழை பேஞ்சா பக்கத்துல இருக்கிறவங்க பேசுறதே கேக்காதே, நீங்க எப்படி அவங்கள மெதுவா பேச வச்சீங்க?" அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்கம்மா, எங்ககிட்ட ஒரே ஒரு மைக்தான் இருந்துச்சு, மழையில வச்சு எடுக்க முடியல. வெயில் நாள்ல எடுத்துட்டு மழைச் சத்தத்த பெறகு சேர்த்தோம்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க ஒலியைப் பற்றித் திரும்பிவிட்டது. சிங்களத்தில் படம் எடுக்கிற ஒருவர் எழும்பி, இரண்டு பேரும் கத்திக் கதைத்திருந்தால் காட்சியே வேறு ஆகியிருக்கும், இரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிற வீடு அது என்று சொல்ல, இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். மல்டிபிளெக்ஸில் எத்தனை ஆயிரம் ரூபா கொடுத்தாலும் இது கிடைக்காது.

எஜெண்டா 14 குறும்பட விழா பற்றிய அறிவிப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதை நடத்துகிற அனோமா ராஜகருணாதான் யாழ்ப்பாணத்தில் 2015இல் தொடங்கிய சர்வதேசத் திரைப்பட விழாவின் இயக்குநரும். மூன்று மொழிப் பிள்ளைகளின் படங்களும் அடுத்தடுத்து ஒரே திரையில் ஓடுவதைப் பார்க்கிற அனுபவம் வேறு. மூதூரில் எடுத்த படமும் மாத்தறையில் எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் யார் எதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பது விளங்குகிறது.

பெரிய திரை வேண்டும் என்கிறவர்களுக்கு பௌத்தாலோக மாவத்தையில் தரங்கனி. 1972இல் தொடங்கிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் சொந்த அரங்கு. பம்பலப்பிட்டியிலிருந்து 154 பஸ் அந்த வீதியால் போகிறது. விழாக்கள், பழைய சிங்களப் படங்களின் மீள் திரையிடல்கள் இங்கே நடக்கும். சத்தம் கலாசார நிலைய மண்டபங்களைவிட எவ்வளவோ மேல், வசனம் தெளிவாகக் கேட்கும். பழைய படம் போடுகிற நாளில் கட்டாயம் போங்கள், ஏனென்றால் அந்தத் தலைமுறைக்கும் எங்களுக்கும் இருந்த தொடர்பு இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. தர்மசேன பத்திராஜ சிங்களத்தில் பேரெடுத்த இயக்குநர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், 1977இல் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். 2018இல் அவர் காலமானபோது என் வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் படத்தின் பெயரையாவது கேட்டிருந்தார்கள்?

லயனல் வென்ட் கில்ஃபர்ட் கிறசென்டில் இருக்கிறது. அது முக்கியமாக நாடக அரங்கு, 1953இல் திறந்தது. யாருடைய பெயரால் கட்டினார்களோ அவர் புகைப்படக்காரர், பியானோ வாசிப்பவர், 1934இல் இலங்கையைப் பற்றி பிரித்தானியர் எடுத்த புகழ்பெற்ற ஆவணப்படத்தில் பின்னணிக் குரல் அவருடையது. நாடகத்துக்கு டிக்கெட் உண்டு. பால்கனியில் இருந்து பார்ப்பதைவிட நடுவரிசை நல்லது. பக்கத்தில் கண்காட்சிக் கூடம், அது சும்மா பார்க்கலாம்.

கொம்பனித்தெரு ரியோவையும் சொல்லாமல் விட முடியாது. அறுபதுகளில் தமிழ்க் குடும்பம் ஒன்று கட்டிய தியேட்டர், 70 மி.மீ. படம் ஓடிய இடம், 1983 ஜூலையில் எரித்தார்கள். 2019இல் கலம்போஸ்கோப் கலை விழா அந்தக் கட்டடத்திலேயே நடந்தது. கொழும்பில் கலை விழா என்று யாராவது கதைக்கும்போது எனக்கு முதலில் அந்தச் சுவர்கள்தான் ஞாபகம் வரும்.

இனி சரியில்லாதவை. பெரியது உபதலைப்பு. சிங்களப் படத்துக்கு ஆங்கில உபதலைப்பு இருக்கும், தமிழ்ப் படத்துக்கும் ஆங்கிலம் இருக்கும், சிங்களமும் சில வேளை இருக்கும், சிங்களப் படத்துக்குத் தமிழ் மட்டும் அபூர்வத்திலும் அபூர்வம். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்து, இப்போது புறக்கோட்டையில் கடையில் நிற்கிற ஒரு தம்பியை நான் கூட்டிக்கொண்டு போனால் அவன் படத்தில் பாதியைத்தான் பார்க்கிறான். செய்ய முடியாத வேலை இல்லை இது. கிறெஸ்கட்டில் இருக்கிற நவீன கலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள், 2019இல் தொடங்கியது, நுழைவு இலவசம், சுவரில் இருக்கிற எழுத்தெல்லாம் மூன்று மொழியிலும் இருக்கும், தமிழும் வாசிக்கிற மாதிரித் தமிழாக இருக்கும். சுவரில் முடிகிறது என்றால் திரையிலும் முடிய வேண்டும்.

தமிழ் உபதலைப்பு போட முயல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மண்டபத்தில், பெயர் வேண்டாம், தமிழ் உபதலைப்போடு ஒரு சிங்களப் படம் என்று அறிவித்து நாங்கள் ஆசையோடு போய் உட்கார்ந்தால் திரையின் அடியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய கோப்பு, மண்டபத்து மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஏழெட்டு நிமிடம் ஓடிய பிறகு நிறுத்தி, உபதலைப்பே இல்லாமல் திரும்பப் போட்டார்கள். மொழிபெயர்த்தவர் எத்தனை இரவு முழித்திருந்து அந்த வரிகளை எழுதியிருப்பார்! யூனிகோடில் தட்டுங்கள், ஆனால் அதுவும் போதாது. சில மென்பொருளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும், துணையெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் வரும். எழுத்தைத் தனிக் கோப்பாகக் கொண்டுபோகாமல் படத்தோடேயே பதித்துவிட்டால் எந்த இயந்திரத்தில் போட்டாலும் ஒரே மாதிரித் தெரியும். பதித்த பிறகும் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், அவர்களுடைய கணினியில், அவர்களுடைய திரையில் முதல் இரண்டு நிமிடத்தையாவது ஓட்டிப் பாருங்கள். கடைசி வரிசையில் இருந்து வாசிக்க முடிகிறதா என்றும் பாருங்கள், எங்கள் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட இடம் அதிகம் வேண்டும், ஒரு வரி இரண்டாகிவிடும்.

அடுத்தது அறிவிப்பு. சில ஏற்பாட்டாளர்கள் இரண்டு நாளைக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு சுவரொட்டியை முகநூலில் போட்டுவிட்டு, தமிழாட்கள் வருவதில்லை என்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒருவருக்கு எப்படித் தெரியும்? ஆறு மணிக்குத் தொடங்குகிற திரையிடலுக்கு வேலை முடிந்து அந்த நெரிசலில் வந்து சேர்வதே பெரிய பாடு. சனிக்கிழமை பிற்பகலில் வைத்தால் குடும்பமாகவே வருவார்கள். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது, சங்கரப்பிள்ளை மண்டபத்தில் புத்தக வெளியீடு நடந்துகொண்டே இருக்கும், அதற்கு ஆட்களும் வருகிறார்கள். கொழும்பு 7இல் ஓடிய படத்தை அடுத்த வாரம் அங்கே ஒருமுறை ஓட்டினால் என்ன? கறுப்புத் திரைச்சீலை, ஒரு நல்ல புரொஜெக்டர், இரண்டு ஒலிபெருக்கி. இயக்குநர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குறைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் கொழும்பில் ஒரு மாலையைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் எடுக்கிற தமிழ்ப் படத்துக்குத் தியேட்டரில் ஒரு காட்சி கிடைப்பதே கஷ்டம், சென்னைப் படம் வருகிற வாரம் என்றால் அந்தக் காட்சியும் போய்விடும். இந்த மண்டபங்களில் அறுபது பேர் வந்து உட்கார்ந்தாலே எடுத்தவருக்கு அடுத்த படம் எடுக்கத் தெம்பு வரும்.

போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னால் போங்கள், இலவசம் என்பதால் இடம் பிடித்துவைக்க மாட்டார்கள். ஏசி எல்லா இடத்திலும் கடும் குளிர், அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு சால்வை எடுங்கள். கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள், மொழிபெயர்க்க யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். ஒன்பது மணிக்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்பது வீண், வாசலில் நின்று வெள்ளவத்தைப் பக்கம் யார் போகிறீர்கள் என்று கேட்டால் மூன்று பேர் சேர்ந்து ஒரு பிக்மீ வாடகை வண்டி பிடிக்கலாம். படம் எடுக்கிறவர்கள் சிலர் எனக்கு அப்படித்தான் பழக்கமானார்கள்.